தொட்டுப் பார்த்த இடம்

குளவி மண் வைத்து அடைத்துவிடும் என்று சங்கரவடிவுக்கு முதன்முதலில் சொன்னது அவள் மகள் கோமதிதான். போன ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம், சங்கரன்கோவில் வீட்டு அடுக்களையில், கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். லீவுக்கு வந்திருந்த பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "விமானத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும்மா. கடுகு நுழையாது. வெளிக்காத்து எப்படி இருக்குன்னு அது வழியாத்தான் தெரிஞ்சுக்கிடும். எவ்வளவு உயரத்துல போறோம், எவ்வளவு வேகத்துல போறோம்னு உள்ள முள்ளு காட்டுதுல்லா, அதுக்கெல்லாம் அந்த ஓட்டைதான் ஆதாரம். வண்டி ரெண்டு நாள் சும்மா நின்னாப் போதும், குளவி வந்து மண்ணு வச்சு அடைச்சிட்டுப் போயிரும்." சங்கரவடிவு அப்போது சிரித்தாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும். கோமதி வயிற்றில் இருந்தபோது சுவிட்சுப் பெட்டிக்கு அடியில் ஒரு குளவி கட்டியது, பிள்ளை பிறந்து பதினாறாம் நாள் தீட்டு கழியும்வரை அந்தக் கூட்டில் ஒருத்தர் கை பட அவள் விடவில்லை. அதைச் சொன்னதும் மகள் துண்டை உதறிக்கொண்டே, "விமானத்துக்குப் பிள்ளை பிறக்காதும்மா" என்றாள். கிரைண்டர் சத்தத்தில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு, உளுந்து பொங்கி விளிம்புக்கு வந்தது, சுவரில் மழை ஊறின வாசனை, எல்லாம் இப்போது சங்கரவடிவுக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த இடம்தான் சரியில்லை. அவள் அந்த விமானத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், பின் சீட்டில், இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் வார் போட்டு இறுக்கியிருந்தது, முன்னால் மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள், அந்த ஓட்டையில் மண் இருந்தது, வைத்தது குளவி இல்லை.

வைகாசி வெயில் கண்ணாடி வழியாக மடியில் இறங்கியது. காலை எட்டரைதான் ஆகிறது, அதற்குள் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நாலு பேர் உட்காரலாம் என்று கோமதி சொன்னபோது கார் மாதிரி ஒன்றை மனசில் வைத்திருந்தாள். இது ஷேர் ஆட்டோவை விடக் குறுகல், பின்சீட்டுக்குக் கதவும் கிடையாது. இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் இறங்கி, சீட்டை முன்னுக்குத் தள்ளி, கை கொடுக்க வேண்டும். முன்னால் இடதுபக்கம் கோமதி, வெள்ளைச் சட்டை, பின்னலை மடக்கிக் கட்டியிருந்தாள். வலதுபக்கம் கேப்டன் தேவசகாயம். நாகர்கோவில்காரர், அறுபது இருக்கும், இந்தப் பயிற்சிப் பள்ளிக்கு அவர்தான் பெரியவர். இன்றைக்கு அவர் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை. கோமதிக்கு விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் கையில் வந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் வாயில் இருக்கிறது. சொந்த மனுஷி பின்னால் உட்கார்ந்தால் இந்தப் பிள்ளைக்குக் கை நடுங்குகிறதா என்று பார்க்கிறேன், உன் அம்மையைக் கூட்டிட்டு வா என்று அவரே சொல்லி வரவழைத்தார். போன மாதம் ஒரு பையன், காற்றுக்குழாய்க்குப் போட்ட சிவப்பு உறையைக் கழற்றாமலே வண்டியைக் கிளப்பப் போனானாம். அவனை அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். பார்க்கிறதுக்குத்தானே கண்ணு, பார்க்காதவனுக்கு எதுக்கு இறக்கை என்று கேட்டாராம். கோமதி இதைப் போனில் சொன்னபோது அவள் குரலில் பயம் இல்லை, அவர் சொன்னது சரி என்கிற மாதிரிதான் சொன்னாள். அதுவும் இப்போது ஞாபகம் வந்தது.

எப்படி வைத்தேன், எப்படி வைத்தேன் என்று மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றது. கோமதி வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது இவளை ஷெட் நிழலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். தூரத்தில் இருந்தேதான் பார்த்தாள். ஆனால் பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்ததாகவே இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் கோமதி இங்கிலீஷில் ஒவ்வொன்றாகச் சொல்வாள், எட்டாம் கிளாஸோடு நின்றுபோன சங்கரவடிவு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்து, சொன்னதற்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். அப்படி எத்தனை நாள். கந்தர் மடத்தில் விளக்குப் பூஜைப் போற்றி வரிசை மனப்பாடம் ஆனது போல அதுவும் மனப்பாடம் ஆகிவிட்டது. பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிக் குடுவையில் வடித்து வெளிச்சத்தில் பார்க்கணும், தண்ணீர் இருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கும். டயரில் கம்பி தெரிகிறதா. சக்கரத்துப் பக்கம் எண்ணெய் கசிந்திருக்கிறதா. இறக்கையின் கீல் ஆணி இருக்கிறதா, அது கழன்று விழாமல் மாட்டிய பூட்டுக்கம்பி இருக்கிறதா. விசிறி ஓரத்தில் விரலை ஓட்டணும், நகம் தட்டினால் வெட்டு. இன்ஜின் மூடிக்குள்ளே குருவி வைக்கோல் வைத்திருக்கிறதா. நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் விட்ட இடத்தில் தொடரக்கூடாது, முதலில் இருந்து வரணும். அதெல்லாம் மகள் செய்யச் செய்ய, இவள் நிழலில் நின்று மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அப்போதுதான் அது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்கு முன்னால் கோமதி லேசாகக் குனிந்து, ஒற்றை விரலால் வண்டியைத் தொட்டாள், தொட்ட விரலை ஒரு நொடி அங்கேயே வைத்திருந்தாள், அப்புறம் நிமிர்ந்தாள். சங்கரவடிவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளை தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்தாள். வெளியே சாமி இல்லை பூதம் இல்லை என்று பேசினாலும் உள்ளே இருக்கிறது பார் என்று நினைத்தாள். அவள் விரலை வைத்தது ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்க்க. இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஓட்டை ஓட்டை என்று அத்தனை நாள் கேட்டிருந்தும், அது மூக்கு இருக்கிற இடத்தில், முன்னால் விசிறிக்கு அடியில் எங்கேயோ இருக்கும் என்றுதான் மனசில் ஒரு படம் வைத்திருந்தாள். மூச்சு விடுகிறது என்றால் மூக்கில்தானே.

வண்டி ஆடி ஆடி நகர்ந்தது. சக்கரம் சிமெண்டுப் பாளத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போதெல்லாம் டக் டக் என்றது. இரண்டு பக்கமும் கரிசல், பருத்திமார் பிடுங்கிய வெறும் காடு, தூரத்தில் ஒரு காற்றாலை நின்றுபோய் இருந்தது. அம்பாளே, ஆவுடைத் தாயே, என் பிள்ளையை, என் பிள்ளையை, என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள், அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை, என் பிள்ளையை என்பதோடு நின்று நின்று மறுபடி முதலில் இருந்து வந்தது. காதில் மாட்டியிருந்த பெரிய ஹெட்போனில் கரகரவென்று கேப்டன் குரல் வந்தது. "எம்மா, நீங்க அம்பாளைக் கூப்பிடது எங்க ரெண்டு பேருக்கும் நல்லாக் கேக்குது, கேட்டியளா. அவ வந்தா உக்கார எடம் இல்ல. நாலாவது சீட்டுல உங்க டிபன் பை இருக்கு." கோமதியின் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள். "அம்மா, வாய்க்கு முன்னால இருக்கது மைக்கு. மெள்ளச் சொன்னாலும் எடுத்திரும். நான் சொல்லுதவரைக்கும் பேசாம வா, என்னா." சங்கரவடிவு வாயை மூடிக்கொண்டாள். அதுவும் போயிற்று. கையை நீட்ட முடியாது, இறங்க முடியாது, சாமி பேரைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு தோன்றுமே, அது. ஆனால் அடுப்பு அணைக்கவில்லை என்பது தெரிந்தே பஸ்ஸில் போவது எப்படி.

சத்தியம் வேறு செய்திருந்தாள். நேற்று பஸ் ஸ்டாண்டில் வந்து கூட்டிக்கொண்டு போகும்போதே கோமதி சொல்லிவிட்டாள், "அம்மா, அங்க வந்து எலுமிச்சம்பழம், சூடம், பொட்டு, ஒண்ணும் கூடாது. அண்ணன் பைக்குக்குப் பண்ணின மாதிரி பண்ணிராத. எல்லாரும் சிரிப்பாங்க. தலையில அடிச்சுச் சொல்லு." இவளும் தலையில் கை வைத்துச் சொன்னாள். எலுமிச்சம்பழம் கொண்டுவரவில்லை. சூடம் கொண்டுவரவில்லை. கோவில் புற்றுமண் மட்டும் ஒரு பொட்டலம் மணிபர்சில் இருந்தது, அது எப்போதும் இருப்பது, சங்கரன்கோவில்காரி மணிபர்சில் அது இல்லாமல் எது இருக்கும். மகளும் கேப்டனும் நோட்டில் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனார்கள். அம்மா, இறக்கை நிழல்ல நில்லு, எதையும் தொடாத என்றாள் போகிறபோக்கில். நின்றாள். கை எட்டுகிற தூரத்தில் பிள்ளை தொட்டுக் கும்பிட்ட இடம். அங்கே ஒரு சின்ன வெள்ளி வட்டம் இருந்தது, பொட்டு வைக்கவே வைத்தது மாதிரி. குங்குமம் இல்லையே, இது மண்தானே, வண்டி நிறத்துக்குத் தெரியக்கூடத் தெரியாதே, இது சத்தியத்தில் சேராது என்று என்னவெல்லாம் சொல்லிக்கொண்டாள், ஒரு நிமிஷத்துக்குள் மனுஷ மனசு எத்தனை வக்கீல் வேலை பார்க்கிறது. பாட்டில் மூடியில் நாலு சொட்டுத் தண்ணீர், அதில் மண்ணைக் குழைத்து, மோதிர விரலால் அந்த வட்டத்தின் நடுவில் வைத்து, அழுத்தி, என் பிள்ளையைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து விட்டுவிடு தாயே என்றாள். காலடிச் சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த இடத்தை மறைத்தே நின்றாள். வால்பக்கம் இருந்து வந்த கோமதி கதவைத் திறந்தாள். கதவு முன்பக்கமாகத் திறந்து, அந்த இடத்தின் மேல் போய் மூடிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து சதி பண்ணின மாதிரி. "சுத்திப் பாத்தாச்சா பிள்ளே?" என்றார் கேப்டன். "பாத்தாச்சு சார்." "எல்லாம்?" "எல்லாம் சார்." அந்த எல்லாம் என்ற சொல்லை மகள் எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். அவள் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்து, வார் இறுக்கி, முன்னால் வட்டம் வட்டமாக முள்ளுகளைப் பார்த்தபோதுதான் கடுகு நுழையாத ஓட்டை சங்கரவடிவின் மோதிர விரல் நுனிக்கு வந்து சேர்ந்தது.

வண்டி ஓரத்தில் நின்றது. இன்ஜினை முறுக்கிப் பார்க்கப் போகிறார்கள், இதுவும் நோட்டில் உண்டு. சத்தம் ஏறியது, சீட்டு நடுங்கியது, பல் நடுங்கியது. சாவியை ஒரு பக்கம் திருப்பினால் சத்தம் கொஞ்சம் இறங்கும், மறுபக்கம் திருப்பினாலும் கொஞ்சம் இறங்கும், ரொம்ப இறங்கினால் கோளாறு, திரும்பிவிட வேண்டியதுதான். இறங்கட்டும், ரொம்ப இறங்கட்டும் என்று சங்கரவடிவு கண்ணை மூடிக்கொண்டாள். ஏதாவது ஒன்று சரியில்லாமல் போகட்டும் சாமி, பெரிதாக வேண்டாம், சின்னதாக, யார் பேரிலும் குற்றம் இல்லாத கோளாறாக ஒன்றைக் கொடு, வண்டி தன்னால் திரும்பிப் போகட்டும், கேப்டன் ஒரு சொல்லும் சொல்லாமல் இருக்கட்டும், எனக்கு இறங்கி ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும், நகத்தால் சுரண்டிவிடுவேன். இப்படியும் ஒருத்தி வேண்டுவாளா. வண்டி நல்லபடி போகணும் என்று மண் வைத்தவள் வண்டி கெடணும் என்று வேண்டுகிறாள், அம்பாள் எதைக் கேட்பாள். சத்தம் கொஞ்சம் இறங்கி ஏறியது. மறுபடி கொஞ்சம் இறங்கி ஏறியது. "நல்லாருக்கு" என்றாள் கோமதி. "நல்லாருக்கு" என்றார் கேப்டன். முள்ளுகள் எல்லாம் அதது இடத்தில் சாதுவாக நின்றன. அதுதான் பயம். கோமதி அன்றைக்கே சொன்னாள், கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவை வழிக்கும்போது இவள்தான் கேட்டாள், அடைச்சிருந்தா கிளம்புமுன்ன தெரியாதாட்டி என்று. தெரியாதும்மா. தரையில எல்லாம் சரியாத்தான் காட்டும். ஓடும்போதும் சரியாக் காட்டும். மேல ஏறின பிறகுதான் முள்ளு பொய் சொல்லும். ஏறிக்கிட்டே இருப்போம், உயரம் அப்படியே நிக்கும். வேகம் குறையுதுன்னு காட்டும், குறைஞ்சிருக்காது. இறங்கும்போது கூடுதல்னு காட்டும், அதை நம்பி வேகத்தைக் குறைச்சா, தூக்கிப் பிடிக்கக் காத்து பத்தாம கீழ வந்திரும்.

வேறே வழி உண்டு என்றும் சொன்னாளே. உள்ளே ஒரு குமிழ் இருக்கும், அதை இழுத்தால் உள்காற்றை எடுத்துக்கொள்ளும் என்று. சொன்னாளா, அல்லது வேறு ஏதோ வண்டிக்கு அது, நோட்டில் அந்த வரிக்கு நான் கோடு போட்டேனா. போட்டேன். பச்சைப் பென்சில். சங்கரவடிவு அந்தக் குமிழை மனசுக்குள் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினாள். பிள்ளை கெட்டிக்காரி, முள்ளு நிற்கிறது என்று பார்த்த உடனே இழுத்துவிடுவாள், பக்கத்தில் முப்பது வருஷம் பறந்த மனுஷன் இருக்கிறார், வெட்டவெளிச்சப் பகல், ஜன்னலைப் பார்த்தே இறக்கிவிடுவார்கள், நான் ஏன் வாயைத் திறந்து அவள் வேலையைக் கெடுக்கணும். அப்புறம் மண் என்ன, நாலு சொட்டுத் தண்ணீரில் குழைத்தது, இந்த வெயிலுக்கு இந்நேரம் காய்ந்து உதிர்ந்திருக்கும், விசிறிக் காற்றுக்குப் பறந்திருக்கும். உதிராது. அவளுக்குத் தெரியும். கோமதிக்குக் கைப்பிள்ளையில் காதுக்குப் பின்னால் கரப்பான் புண் வந்தபோது இதே மண்ணைத்தான் குழைத்துப் போட்டாள், மறுநாள் தேங்காயெண்ணெய் வைத்து ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. சரி, அம்பாள் பிரசாதம் கெடுதல் செய்யுமா. செய்யாது. நாப்பது வருஷமாக நெற்றியில் வைத்துக்கொள்கிறேன், கெடுதல் செய்யாது. ஆனால் அது அம்பாள் மண் என்று ஓட்டைக்குத் தெரியாதே. ஓட்டைக்குக் குளவி வைத்ததும் ஒன்றுதான், நான் வைத்ததும் ஒன்றுதான். அந்தக் குமிழைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கோமதி இன்னொன்றும் சொன்னாள். அது வேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்தது. அடைச்சிருக்குன்னு தெரிஞ்சாத்தானேம்மா இழுப்போம். நானே தொட்டுப் பாத்து சரின்னு சொன்ன ஓட்டையை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்.

"எல்லாரும் ரெடியா?" என்று ஹெட்போனில் கோமதி கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது, வீட்டுக் குரல் இல்லை, உத்தியோகக் குரல். "கிளம்பப் போறோம். யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" இதுவும் நோட்டின் கடைசி வரி. கேப்டன் "ஒண்ணுமில்ல" என்றார். "அம்மா?" என்றாள் கோமதி. சங்கரவடிவு வாயைத் திறந்தாள். சட்டைக் காலருக்கு மேல் மகளின் பின்கழுத்து தெரிந்தது, வேர்வையில் நாலு முடி சுருண்டு ஒட்டியிருந்தது, காதுக்குப் பின்னால் அந்தக் கரப்பான் தழும்பு வெள்ளையாக. கேப்டனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஒண்ணுமில்ல தாயி" என்றாள். சொன்ன குரல் தன் குரலா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒரு வண்டி இறங்குது, அது இறங்கி ஒதுங்கட்டும், போகலாம்" என்றாள் கோமதி. நின்றார்கள்.

ஒண்ணுமில்ல என்று முன்னேயும் ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். கோமதி பத்தாம் வகுப்புப் படிக்கும்போது. அவள் வீட்டுக்காரர் ஆறுமுகநயினாருக்கு அப்போது ஒரு குட்டியானை வண்டி இருந்தது, சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போவார். ஒரு நாள் காலையில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுக்கு வரை போனபோது, வாசல் தெளிக்க வாளியோடு வந்தவள், வண்டி நின்ற இடத்தில் ஒரு ஈரத்தைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம். தண்ணீர் இல்லை, தொட்டால் வழுவழு என்றது. கூப்பிட்டிருக்கலாம். அவர் முக்கில் எதிரே வந்த ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார், ஏங்க என்று ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். போகிற மனுஷனைப் பின்னால் இருந்து கூப்பிடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். என்னளா, ஏதும் வாங்கணுமா என்று அவரேதான் தலையை நீட்டிக் கேட்டார். ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க. அந்த ஈரத்தின் மேலேயே சாணியைத் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. உயிர் இருந்தது, இடது கால் போனது மாதிரிதான், இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் வாசல்வரை வருவார். நேரம்ளா, யார் என்ன செய்ய முடியும் என்பார். பத்து வருஷமாக அவள் அந்த ஈரத்தை யாரிடமும் சொல்லவில்லை, கோவிலில் மட்டும் சொன்னாள், கோவிலில் சொன்னால் சொன்னதாகுமா. ஆஸ்பத்திரி வராந்தாவில் பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்ற கோமதி கேட்டாள், மெக்கானிக்கிடம் கேட்டாள், பிரேக் ஆயில் போச்சுன்னா முன்னமே தெரியாதா அண்ணே என்று. வண்டிக்கு அடியில ஈரம் இருந்திருக்கும் பாப்பா, யாராவது குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் என்றான் அவன். அன்றைக்கு அந்தப் பிள்ளை முகத்தில் விழுந்தது என்னவோ, அதுதான் இன்றைக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்க்கிறது. எல்லாம் சார் என்கிறது. யாராவது பாத்திருந்தா. பார்த்தவள் பக்கத்தில்தான் நின்றாள், பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு.

இறங்குகிற வண்டி மேலே வெள்ளைத் துணி மாதிரி மினுங்கியது, பெரிதாகியது, ஓடுதளத்தில் ஒரு துள்ளு துள்ளி ஓடியது. "யாரு அது, தவளை மாதிரி குதிக்குதான்" என்றார் கேப்டன். "நான்கூட அப்படித்தான் சார் குதிச்சேன்" என்றாள் கோமதி. "நீ குதிச்சது ஒரு நாளு. அவன் தெனமும்." அவர் பிள்ளையிடம் பேசும் குரலில் ஒரு வாத்சல்யம் வந்திருந்தது, முடிவு பண்ணிவிட்ட குரல், இவளை எடுத்துக்கொள்ளலாம் என்கிற குரல். இப்போது சொன்னால் அந்தக் குரல் என்ன ஆகும். வண்டி மெள்ளத் திரும்பி ஓடுதளத்தில் ஏறியது. முன்கண்ணாடியில் கறுப்புத் தார், நடுவில் வெள்ளைக்கோடு, கடைசியில் வெயிலில் தண்ணீர் மாதிரி ஏதோ ஆடியது. போகும்போது கூப்பிடக்கூடாது. பின்னால் இருந்து கூப்பிடக்கூடாது. அவளை உட்கார்த்தி வைத்திருப்பதே பின்னால்தான், இனி எந்த இடத்தில் இருந்து கூப்பிட்டாலும் அது பின்னால் இருந்துதான். பத்தாவது வருஷமும் அதே வாய், அதே பல், உள்ளே அதே ஒண்ணுமில்ல. கோமதியின் வலதுகை முன்னால் கறுப்புக் குமிழுக்குப் போனது, அதை உள்ளே தள்ளினால் ஓட ஆரம்பித்துவிடும். அந்தக் கையின் மோதிர விரலில் ஒன்றுமில்லை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. சங்கரவடிவு தன் மோதிர விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் மண் இருந்தது. சின்னதாக, காய்ந்து, சாம்பல் நிறத்தில். அம்பாளே மன்னிச்சிரு என்று நினைத்தாளா, சொன்னாளா, மைக் அதை எடுத்துக்கொண்டது.

"என்னம்மா?" என்றாள் கோமதி. கை குமிழின் மேலேயே இருந்தது.

"கோமு, தள்ளாத. நில்லு."

கேப்டன் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு முகம் பாதியில் நின்றிருந்தது. "பயமா இருக்கா எம்மா? பயப்படாண்டாம், அஞ்சு நிமிஷம்…"

"பயமில்லய்யா" என்றாள் சங்கரவடிவு. குரல் வந்துவிட்டது, வந்த பிறகு அது நடுங்கவும் இல்லை, அடுக்களையில் பேசுகிற குரலாகத்தான் இருந்தது. "பிள்ளை நல்லாத்தான் பாத்தா. அவ பாத்துட்டுப் போன பெறகு நான் ஒண்ணு செஞ்சிட்டேன்." கோமதியின் கை குமிழை விட்டு எடுபட்டது. கழுத்தைத் திருப்பினாள், வார் இழுத்ததால் பாதிதான் திரும்ப முடிந்தது, ஒரு கண்ணும் அந்தத் தழும்பும் மட்டும் தெரிந்தன. சங்கரவடிவு அந்த ஒரு கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"உன் கதவுக்கு முன்னால, நீ விரல் வச்சியே, அங்க நான் புத்துமண்ணு வச்சிட்டேன் தாயி. ஓரமா ஒதுக்கி, இன்ஜினை அணைச்சிட்டு, இறங்கி இன்னொருக்கா தொட்டுப் பாத்துட்டு வா."